இடதுபக்க சீட்டில் பெரியப்பா



திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து; ஓய்வுபெற்ற ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும். பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு ஹைப்ரிட் கார் வாங்கினாராம். ‘லிட்டருக்கு 27, 28 வரும் என்றார்கள். எனக்கு 18-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. சர்வீஸுக்கு விட்டால், எல்லாம் நார்மல் சார் என்கிறான் பையன். என்னை ஏமாற்றிவிட்டார்களா, எனக்கு ஓட்டத் தெரியவில்லையா? இரண்டில் எது என்று மட்டும் சொன்னால் போதும்’ என்று முடித்திருக்கிறார்.

ஏமாற்றவில்லை ஐயா. இன்னொன்றை உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் முதல் இரண்டு மாதம் அதே 18தான் வந்தது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெரியப்பா காரின் இடதுபக்க சீட்டில் வந்து உட்கார்ந்தார். இந்த மாதப் பக்கம் பெரும்பாலும் அந்தப் பயணத்தைப் பற்றித்தான். கார் இல்லாத வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் முன்சீட்டைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கும் இதில் வேடிக்கை பார்க்க விஷயம் உண்டு.

முதலில் அந்த 27. மாருதி கிராண்ட் விட்டாராவின் ஹைப்ரிட்டுக்கு 27.97, இன்னோவா ஹைக்ராஸுக்கு 23.24 என்று அச்சிடுகிறார்களே, அதில் பொய் எதுவும் இல்லை. சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை ஏற்றி, இந்த விநாடியில் இந்த வேகம் என்று அட்டவணை போட்டு ஓட்டி அளந்த எண் அது. ஏ.சி. கிடையாது. வேகம் 90-ஐத் தாண்டாது. குறுக்கே ஷேர் ஆட்டோ திரும்பாது. ஸ்டுடியோவில் எடுத்த கல்யாண போட்டோ மாதிரி. முகம் நம்முடையதுதான், அந்த வெளிச்சம்தான் நம் வீட்டில் கிடையாது.

இன்னொன்று. உங்களுடையது எந்த வகை என்று ஆர்.சி. புத்தகத்தையோ ஷோரூம் காகிதத்தையோ ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ‘மைல்ட் ஹைப்ரிட்’ என்றால் மோட்டாரால் மட்டும் காரை நகர்த்த முடியாது. இன்ஜினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவுதான். வீட்டு வாசலிலிருந்து சத்தமே இல்லாமல் நகர்ந்து, நாய்கூட எழுந்திருக்காமல் தெருமுனைக்குப் போகிறது என்றால் அது ‘ஸ்ட்ராங் ஹைப்ரிட்’. நான் சொல்வது அதற்கு.

பெரியப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராகச் சேர்ந்தவர். 1997-இல் சோழன், பல்லவன், சேரன் என்ற பெயர்களெல்லாம் போய் எல்லாமே அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆன பிறகும் ஓட்டினார். கார் ஓட்டுவதில் அவருக்கு ஆர்வம் கிடையாது. ‘அறுபது பேரை ஏத்திக்கிட்டு ஓட்டினவனுக்கு நாலு பேரை ஏத்தினா தூக்கம்தான் வரும்’ என்பார். ஆனால் டீசல் பேச்சை எடுத்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். டிப்போவில் கே.எம்.பி.எல். என்று ஒரு கணக்கு உண்டு. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஓட்டுநர் பெயருக்கு எதிரே எழுதும் எண். நாலரை, ஐந்து என்று தசமப் புள்ளிக்குப் பின்னால் ஊசலாடும். பெரியப்பாவின் எண் எப்போதும் மேலே இருக்கும் என்று பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலுக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் என் மனைவியும் பெரியம்மாவும். குரோம்பேட்டையில் ஏறியதிலிருந்து பெரியப்பா பேசவே இல்லை. கதவுப் பையில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பத்திரிகையின் பின்பக்கத்தில் ஏதோ கோடு போட்டுக்கொண்டே வந்தார். பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி. சுவாமி பெயர் எழுதுகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பரனூர் டோல்கேட்டில் வரிசையில் நின்றபோது பத்திரிகையை என் பக்கம் திருப்பினார். நாலு கோடு, குறுக்கே ஒன்று. நாலு கோடு, குறுக்கே ஒன்று. எட்டுக் கட்டும் தனியாக ஒரு கோடும்.

‘நாப்பத்தொண்ணு’ என்றார். ‘நீ பிரேக்கை மிதிச்சது. இதுல தேவையானது ஒரு ஒம்போது. மீதி உன் அவசரம்.’

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. ‘இது ஹைப்ரிட் பெரியப்பா. பிரேக் போட்டா வீணாகாது. அந்தச் சக்தி கரண்டா மாறி பேட்டரிக்குப் போயிடும்’ என்று திரையில் சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு ஓடும் பச்சை அம்புக்குறியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

‘முழுசா போயிடுமா?’

‘கணிசமா.’

‘கணிசமான்னா எவ்வளவு?’

ஃபாஸ்டேக் பீப் ஒலித்து டோல்கேட் தடுப்பு மேலே போனது. நல்லவேளை.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 195 கிலோஜூல். இன்ஜின் நல்ல நிலையில் வேலை செய்தாலும், நின்ற காரை அந்த வேகத்துக்குக் கொண்டுவர 20 மில்லி பெட்ரோல் ஆகிவிடுகிறது. நாலு டீஸ்பூன். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2 ரூபாய். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், 100-இல் போய்ப் பிரேக்கை மிதித்து நிறுத்தினால் போவது 55 மில்லி. சாதாரணக் காரில் அத்தனையும் பிரேக் பேடில் சூடாகிக் காற்றோடு போய்விடும். ஹைப்ரிட்டில் அப்படி இல்லை. சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது. மோட்டார் ஜெனரேட்டராக மாறிக் கரண்ட் எடுக்கிறது. அந்தக் கரண்ட் இன்வெர்ட்டர் வழியாகப் பேட்டரிக்குப் போய் அடைகிறது. தேவைப்படும்போது வந்த வழியே திரும்பி வருகிறது. வழியில் இருக்கும் ஒவ்வொரு மேசையிலும் கமிஷன். போன 2 ரூபாயில் ஒரு ரூபாயோ ஒன்றேகால் ரூபாயோ சக்கரத்துக்குத் திரும்பினால் பெரிது.

திருட்டுப்போன நகையில் பாதியைப் போலீஸ் மீட்டுக் கொடுத்தது என்பதற்காகக் கதவைத் திறந்து போட்டுத் தூங்குகிறவன் மாதிரி, அந்தப் பச்சை அம்புக்குறியைப் பார்த்து இரண்டு மாதம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பெரியப்பாவின் ‘முழுசா போயிடுமா’ என்ற கேள்விக்குள்தான் ஹைப்ரிட் ஓட்டும் கலை மொத்தமும் இருக்கிறது. ஓடுகிற வண்டியின் வேகத்தை வேகமாகவே வைத்துக்கொள்வதுதான் முதல் சேமிப்பு. பேட்டரி இரண்டாவது.

அதற்கு என்ன செய்வது? மதுராந்தகத்தில் புளியோதரை சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது பெரியப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். ‘முன்னால போற காரைப் பார்க்காதே. அதுக்கு முன்னால நாலாவதா போறானே, அவனைப் பாரு.’ பஸ் ஓட்டுநர் சீட்டின் உயரத்திலிருந்து இருபது வருடம் சாலையைப் பார்த்த கண்ணுக்கு அது சுலபம். எனக்குக் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. ஆனால் படாளம் தாண்டுவதற்குள் பிடிபட்டுவிட்டது. தூரத்தில் ஒரு லாரியின் பின்விளக்கு சிவக்கிறது. உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன். பிரேக்கைத் தொடவில்லை. வண்டி தானாக உருண்டு வேகம் குறைகிறது. நான் லாரியை நெருங்குவதற்குள் அது மறுபடி கிளம்பிவிடுகிறது. விநாடி எண் ஓடும் சிக்னல் என்றால் இன்னும் வசதி. 300 மீட்டரில் சிவப்பு, இன்னும் 25 விநாடி. வேகமாகப் போய் நிற்பதால் என்ன லாபம்? காலைத் தூக்கிவிட்டு உருண்டு போனால், கோட்டை அடையும்போது பச்சை விழுகிறது. பின்னால் ஹாரன் அடித்தவர் முந்திப்போய் நின்றார். அவர் பூஜ்யத்திலிருந்து கிளம்ப, நான் 20-இலிருந்து கிளம்பினேன். அடுத்த சிக்னலில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் நின்றோம்.

காலை முழுவதும் எடுத்தால் ஹைப்ரிட் கார் லேசாகக் கரண்ட் எடுக்க ஆரம்பித்துவிடும். அதாவது லேசாகப் பிரேக் பிடிக்கும். நிற்கப்போகிற இடத்தில் அது நல்லது. உருண்டு போக வேண்டிய இடத்தில் அதுவும் வேண்டாம். அங்கே ஆக்சிலரேட்டர்மேல் கால் பட்டும் படாமல் இருக்க வேண்டும். ஈரம் காயாத மாக்கோலத்தின் ஓரத்தில் கால் வைத்துத் தாண்ட நேர்ந்தால் எப்படி வைப்போமோ அப்படி. டேஷ்போர்டில் சார்ஜ் பக்கமும் போகாமல், எடுக்கும் பக்கமும் போகாமல் முள் நடுவில் நிற்கும். இன்ஜின் அணைந்திருக்கும், மோட்டாரும் சும்மா இருக்கும், வண்டி மட்டும் போய்க்கொண்டிருக்கும். டயர் ஓடும் சத்தம் ஒன்றுதான் கேட்கும். பெரியம்மா பின்னாலிருந்து, ‘வண்டி நின்னு போச்சாடா?’ என்று கேட்டார்.

நிற்கத்தான் வேண்டும் என்றால், சீக்கிரம் தொடங்கி நீளமாக, மெதுவாக மிதியுங்கள். மோட்டார் ஒரு அளவுக்குத்தான் கரண்ட் எடுக்க முடியும். திடீரென்று ஓங்கி மிதித்தால் மீதி வேலையைப் பிரேக் பேடுதான் செய்யும். அந்த மீதிக்கு மீட்பே கிடையாது.

போகும்போது 17.6. திரும்பும்போது 24.1. அதே சாலை, அதே ஏ.சி., வயிற்றில் புளியோதரை கூடுதல். பெரியப்பா எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. குரோம்பேட்டையில் இறங்கும்போது பத்திரிகையை மட்டும் காட்டினார். பதினாலு கோடு.

அதற்கப்புறம்தான் நான் இந்த வண்டியைப் பற்றிப் படிக்கவே ஆரம்பித்தேன். டொயோட்டா ப்ரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997 டிசம்பரில். பெருமளவில் தயாரான முதல் ஹைப்ரிட் கார் அதுதான். அதன் இன்ஜினுக்குள் இருக்கும் யோசனை அதைவிட நூறு வருடம் பழையது. ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1882-இல் காப்புரிமை வாங்கியது. எரிந்த வாயு சிலிண்டருக்குள் நீளமாக விரிந்து கடைசிச் சொட்டு வரை வேலை செய்ய வேண்டும் என்பது அவர் கணக்கு. பெட்ரோல் குறைவாகச் செலவாகும். ஆனால் இழுவை குறைந்துவிடும். பச்சை விழுந்ததும் சீறிக் கிளம்பாத காரை யார் வாங்குவார்கள்? ஹைப்ரிட்டில் அந்தக் குறையை மின்மோட்டார் நிரப்புகிறது. ஓட்டம் நன்றாக, வேகம் மட்டம் என்றிருந்த இன்ஜினுக்கு, நூறு வருடம் கழித்துப் பொருத்தமான ஜோடி அமைந்த கதை அது.

இந்த இன்ஜினுக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்சம் பளு கொடுத்தால் சந்தோஷமாக, சிக்கனமாக வேலை செய்யும். துளித்துளியாக வேலை கொடுத்தால் வீணடிக்கும். எனவே நம்மில் பலர் செய்கிற ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். ‘ஈ.வி.’ என்ற பச்சை விளக்கு அணையக்கூடாது என்பதற்காக மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்து போவது. நானும் ஊர்ந்திருக்கிறேன். விளக்கு எரிகிறவரை பெட்ரோல் மிச்சம் என்று மனசு சொல்லும். அந்தப் பேட்டரியில் இருக்கும் கரண்ட் எங்கிருந்து வந்தது? சுவரில் பிளக் சொருகும் வண்டி இல்லையே இது. ஒவ்வொரு துளியும் பெட்ரோலில் பிறந்தது. ஊர்ந்து ஊர்ந்து பேட்டரியைக் காலி செய்தால், அடுத்த சிக்னலில் நின்றுகொண்டே இன்ஜின் ஓடிப் பேட்டரியை நிரப்பும். பெட்ரோல் கரண்டாகி, கரண்ட் பேட்டரியாகி, மறுபடி கரண்டாகி சக்கரத்துக்கு வரும். எத்தனை மேசை என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆகவே கிளம்பும்போது தயங்காதீர்கள். இன்ஜின் வரட்டும். பவர் பகுதிக்குள் முள் போகாமல், அதற்காகப் பயந்து நடுங்காமல், போக வேண்டிய வேகத்துக்கு ஒரே சீராகப் போய்ச் சேர்ந்துவிட்டுக் காலைத் தளர்த்துங்கள். அப்போது தானே ஈ.வி. விளக்கு வரும். அழைக்காமல் வரும்போதுதான் அதற்கு மரியாதை.

நெரிசலில் அரையடி அரையடியாக நகர்வது வேறு கதை. அங்கே மோட்டார்தான் ராஜா. சாதாரண பெட்ரோல் கார் சென்னையில் கத்திப்பாரா, பாடி சந்திப்புகளில் பெட்ரோலைக் குடித்துக்கொண்டு நிற்கும்போது, ஹைப்ரிட் மூச்சே விடாது. அதனால்தான் இந்த வண்டிகள் நெடுஞ்சாலையைவிட ஊருக்குள் நல்ல பெயர் வாங்குகின்றன. நெடுஞ்சாலையில் நிறுத்தம் இல்லை, மீட்பும் இல்லை. அங்கே எதிரி காற்று. 80-இலிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. திருச்சிக்கு 80-இல் போனாலும் 100-இல் போனாலும் செங்கல்பட்டைத் தாண்டுவதற்கு ஆகும் நேரம் ஒன்றுதான் என்பதை ஜி.எஸ்.டி. சாலை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நியூட்ரல். இதை நம் ஊர் ஓட்டுநர்களிடம் சொல்லும்போதெல்லாம் சண்டை வருகிறது. சிக்னலில் நியூட்ரல், இறக்கத்தில் நியூட்ரல் என்று பழகிய கை. டொயோட்டா வகை ஹைப்ரிட்டில் கியரை ‘என்’-இல் போட்டால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். இன்ஜின் ஓடினாலும் ஏறாது. இறக்கத்தில் கிடைக்க வேண்டியதையும் இழப்பீர்கள், வண்டி கட்டுக்குள் இல்லாத ஆபத்தும் சேரும். ‘டி’-யிலேயே விட்டுவிடுங்கள். பெரியப்பாவும் இதில் என் கட்சி. இறக்கத்தில் நியூட்ரல் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவனைப் பற்றி அவர் சொன்ன வார்த்தையை இங்கே அச்சிட முடியாது.

இறக்கம் என்றதும் ஏற்காடு ஞாபகம் வருகிறது. போன டிசம்பரில் குடும்பத்தோடு போய்விட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினோம். ஏழெட்டு வளைவுக்குள் பேட்டரி நிரம்பிவிட்டது. அதற்கப்புறம் காரின் குரல் மாறியது, இன்ஜின் உறுமியது. பெட்ரோல் குடிக்கிறது என்று பதறிவிட்டேன். விஷயம் வேறு. ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,200 மீட்டர். ஆட்களும் பெட்டியும் சேர்ந்து 1,550 கிலோ என்றால், அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 5 யூனிட். வீட்டு மின்சாரக் கணக்கில் வருமே, அதே யூனிட்தான். டயரும் காற்றும் தின்றது போக 4 யூனிட்டாவது மிஞ்சும். கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்டின் பேட்டரி கொள்ளளவு 0.76 யூனிட். அதையும் பேட்டரியின் ஆயுளுக்காக முழுக்க நிரப்பவோ முழுக்கக் காலி செய்யவோ கார் விடாது. ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகத் தண்ணீர் போக வேண்டுமே, அந்தக் கலங்கல்தான் இன்ஜின் உறுமல். பெட்ரோல் இல்லாமலே மோட்டார் இன்ஜினைச் சுற்றவைத்து மிச்ச ஆற்றலைக் கழிக்கிறது. நீண்ட மலை இறக்கத்தில் கியரை ‘பி’-க்கு (ஆங்கில B) மாற்றினால் இந்த வேலை முன்கூட்டியே ஆரம்பிக்கும்; பிரேக் சூடேறாமல் இருக்கும். ‘பி’ பேட்டரிக்கான எழுத்து என்று நினைத்துச் சமவெளியிலும் அதில் ஓட்டுகிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அது பிரேக்கின் ‘பி’. சமவெளியில் அதில் நஷ்டம்தான்.

இந்த மைலேஜ் பைத்தியத்துக்கு அமெரிக்காவில் ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்: ஹைப்பர்மைலிங். வேய்ன் கெர்டெஸ் என்பவர் உருவாக்கிய சொல். 2008-இல் நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதி அதை அந்த ஆண்டின் சொல்லாகவே அறிவித்தது. அவரும் கூட்டாளிகளும் 2005-இல் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு ப்ரியஸை மாறி மாறி ஓட்டி, ஒரே டேங்க் பெட்ரோலில் 2,200 கிலோமீட்டருக்கு மேல் போனார்கள். இன்ஜினால் கொஞ்சம் வேகம் எடுப்பது, பிறகு அணைத்து உருளவிடுவது, வேகம் குறைந்ததும் மறுபடி எடுப்பது, இதுதான் உத்தி. காலியான சாலையில் விடியற்காலையில் செய்து பார்க்கலாம், ஆசைக்கு. கூடுவாஞ்சேரியில் செய்தால் பின்னால் வருகிறவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வருவார். லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு காற்றைத் தவிர்ப்பது என்று ஒரு வித்தை சொல்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். நம் லாரிகளில் பிரேக் விளக்கு எரியும் என்பதற்கு யார் ஜவாப்தாரி?

விளையாட்டுக்காக மைலேஜ் பார்ப்பது ஒரு விதம். வழியில்லாமல் பார்ப்பது வேறு. யாழ்ப்பாணத்தில் நம் பழைய வாசகர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் டொயோட்டா அக்வா. இலங்கையில் ப்ரியஸ், அக்வா என்று ஹைப்ரிட்கள் நம்மைவிட வெகு முன்னதாகவே தெருவெல்லாம் வந்துவிட்டன. 2022-இல் எரிபொருள் நெருக்கடி வந்தபோது கியூ.ஆர். குறியீடு காட்டினால் காருக்கு வாரம் 20 லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு 400 கிலோமீட்டர். ‘20 லிட்டரில் போய்ச் சேரலாம், திரும்பி வாறதுதான் பிரச்சினை’ என்று அப்போது எழுதியிருந்தார். ஏ-9 சாலையில் அறுபதைத் தாண்டாமல், பிரேக்கைத் தொடாமல் ஓட்டப் பழகிய விதத்தை அவர் இரண்டு பக்கம் எழுதினார். ‘பெற்றோல் இப்ப தாராளமாக் கிடைக்குது. ஆனால் கால் மட்டும் பழைய மாதிரி அழுத்துதில்லை’ என்று போன பொங்கல் வாழ்த்தில் ஒரு வரி.

நம் ஊர் வெயிலுக்கு வருவோம். ஸ்ட்ராங் ஹைப்ரிட்களில் ஏ.சி. கம்ப்ரஸரும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. அதனால் சிக்னலில் இன்ஜின் அணைந்தாலும் குளிர் நிற்காது; குளிருக்கான கரண்ட் பில் பின்னால் வரும். மே மாதம் வெயிலில் நின்ற காருக்குள் ஏறியதும் ஏ.சி.யை 18 டிகிரியில் வைத்து முழு வேகத்தில் திருகாமல், நாலு கண்ணாடியையும் இறக்கி ஒரு தெரு ஓட்டிவிட்டு, அப்புறம் 25-இல் வைத்தால் போதும். சில மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின்சீட்டுப் பக்கத்து ஜாலி வழியாக உள்ளே போகும். எங்கள் வீட்டில் அந்த இடத்தில்தான் காய்கறிப் பை இருக்கும். இப்போது இல்லை.

காலையில் பால் வாங்கவும், பத்து மணிக்கு வங்கிக்கும், பதினொன்றுக்கு மாவு மில்லுக்கும் தனித்தனியாகக் காரை எடுக்கிறவருக்கு எந்த வித்தையும் உதவாது. ஆறிக் கிடக்கும் இன்ஜின் எழுந்தால், தானும் சூடாகிப் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் சூடாக்கும் வரை, வேலை இருக்கிறதோ இல்லையோ ஓடும். அந்த முதல் இரண்டு கிலோமீட்டரில் என் திரையில் 9 என்று பார்த்திருக்கிறேன். மூன்று வேலையையும் ஒரே சுற்றில் முடித்தால் ஒரே ஒரு சூடேற்றத்தோடு போகும். பாலுக்கு நடந்தே போகலாம் என்று என் மனைவி சேர்க்கச் சொல்கிறாள்.

டயர் காற்று: ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்ட அளவுதான். டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள், மாதம் இருமுறை. டிக்கியில் கிடக்கும் தேவையில்லாத மூட்டையை இறக்குங்கள். ‘ஈகோ’ பட்டனை அழுத்தினால் ஆக்சிலரேட்டர் கொஞ்சம் மந்தமாகும், ஏ.சி. கொஞ்சம் அடங்கும், வேறு மாயம் ஒன்றும் இல்லை, நிதானமான காலுக்கு அது தேவையும் இல்லை.

திண்டுக்கல் ஐயா, உங்கள் கடிதத்தில் திரையில் வரும் எண்ணை எழுதியிருந்தீர்கள். திரையை நம்பாதீர்கள், சில சமயம் அது நம்மைக் குஷிப்படுத்தும். ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், ஆட்டோ-கட் ஆனதும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் ‘ரவுண்டு பண்ணிடவா சார்’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓடிய கிலோமீட்டரைக் குறியுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் ஏறியதோ அதால் வகுங்கள். மூன்று டேங்க் போட்டால்தான் நிஜ எண் தெரியும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதையும் கணக்கில் வையுங்கள். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஒரு லிட்டருக்குள் இருக்கும் சக்தியே ஆறேழு சதவீதம் குறைந்துதான் உங்கள் டேங்குக்குள் வருகிறது. அதற்கு உங்கள் கால் பொறுப்பில்லை.

எங்கள் வீட்டில் இந்தக் கணக்குக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஒரு டேங்க் முழுக்க யார் அதிகம் ஓட்டினார்களோ அவர் பெயரில் எழுதுவது வழக்கம். என் பத்தியில் 22.3, 21.8, 22.6. மனைவியின் பத்தியில் 24.4, 24.9, 24.7. நான் இத்தனை படித்து, முள்ளைப் பார்த்து, நாலாவது லாரியைப் பார்த்து ஓட்டி வாங்கியதைவிட இரண்டு அதிகம். போன வாரம் அவள் பக்கத்தில், பெரியப்பாவின் சீட்டில், உட்கார்ந்து போய்ப் பார்த்தேன். கையில் பேனா, பழைய பத்திரிகை. அவள் திரைப் பக்கம் திரும்பவே இல்லை. பல்லாவரம் சந்தையில் வாங்கிய செம்பருத்தி பிழைக்குமா என்று பேசிக்கொண்டே வந்தாள். தாம்பரம் வரை ஆறு கோடு.

‘என்ன எழுதறீங்க?’ என்று கேட்டாள். சுவாமி பெயர் என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்